மூக்கு குத்துற ராக்கெட்டுக்கு என்ன வைத்தியம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆடிக்காத்து பத்தி எழுதும்போது ஓரத்துல ஒரு வரி, "எங்க மொட்டைமாடியில பேரன் பேப்பர் பிளேனை மேற்க பாத்து எறிஞ்சா அது கிழக்க வந்து விழுது"ன்னு எழுதிட்டேன், அவ்வளவுதான், அந்த ஒரு வரியைப் புடிச்சுக்கிட்டு இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. வாட்ஸ்அப்ல ஒரு பக்கம், தபால்ல ஒரு பக்கம், ஒரு அம்மா பிளேனையே கவருக்குள்ள வச்சு அனுப்பிட்டாங்க, முத்திரை குத்துனதுல அதுக்க மூக்கு சப்பிப் போயிதான் எங்கிட்ட வந்து சேந்துது. அதனால இந்தத் தடவை முழுக்க பேப்பர் பிளேன்தான். நம்ம பக்கம் பாதி பேரு இதை ராக்கெட்னுதான் சொல்லுவோம், நானும் ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதுவேன், கண்டுக்காதீங்க.

கேள்வி (ஒரு அம்மா, தக்கலை): பையன் ஆறாம் கிளாஸ். ஸ்கூல்ல சயின்ஸ் எக்சிபிஷன், "பறப்பது எப்படி"ன்னு தலைப்பு குடுத்திருக்காங்க. யூடியூப் பாத்து மடிச்சான். எறிஞ்சா சர்ருன்னு மேல போயி, ஒரு நொடி அந்தரத்துல நின்னு, தலைகுப்புற விழுது. பத்து பேப்பர் வீணாப் போச்சு. எங்க தப்பு?

பதில்: அந்தப் பத்தையும் குப்பையில போட்டுராதீங்கம்மா, எக்சிபிஷன்ல வைக்க வேண்டியதே அந்தப் பத்துதான். நல்லா பறக்க பிளேனைப் பத்தி சொல்லதுக்கு ஒண்ணுமில்ல, அது பாட்டுக்குப் போவும். விழுறதுதான் பேசும். எப்படி விழுதுன்னு நின்னு பாத்தா கோளாறு எங்கன்னு அதுவே காட்டிக் குடுத்துரும், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாக்காருல்லா, அதே மாதிரி.

உங்க பையனுக்க பிளேன் மேல ஏறி, நின்னு, தலைகுப்புற வருது. இதுக்குப் பேரு ஸ்டால். பைக் என்ஜின் ஸ்டால் ஆகுற கதை இல்ல இது, றெக்கை ஸ்டால் ஆகுறது. எதிர்ல வர்ற காத்துக்கும் றெக்கைக்கும் நடுவுல ஒரு சின்ன சாய்வு இருக்கும், அதைத்தான் ஆங்கிள் ஆஃப் அட்டாக்னு சொல்லுவாங்க. அந்தச் சாய்வு கூடக் கூட றெக்கை தூக்குறதும் கூடும், ஆனா பேராசைப் படக்கூடாது. சாதாரண விமான றெக்கையில சுமார் 15 டிகிரியைத் தாண்டுனா மேல்பக்கம் ஒட்டிக்கிட்டு ஓடுன காத்து பிச்சுக்கிட்டுப் போயிரும், சுழி சுழியா கலங்கிரும், தூக்குற விசை பொசுக்குன்னு கொறஞ்சு இழுவை (காத்து பின்னால புடிச்சு இழுக்கது) கூடிரும். பேப்பரும் இதே மாதிரிதான். மூக்கு நிமிந்து நிமிந்து ஏறும்போது வேகமும் செத்துரும், அப்புறம் றெக்கைக்கு அங்க வேலையே இல்ல, வெறும் காகிதம்தான், விழத்தான் செய்யும்.

வைத்தியம் மூணு இருக்கு. ஆனா மூணையும் ஒரேடியா செய்யாதீங்க, செஞ்சா எது கேட்டுச்சுன்னு தெரியாமப் போவும். முதல்ல காசில்லா வைத்தியம், எறியதை மாத்துங்க. பிள்ளைய எல்லாம் மாங்காய்க்கு கல்லெறியது மாதிரி வானத்தைப் பாத்து முழு பலத்தையும் போட்டு எறியுதுவ. நேரா, லேசா, அடுத்த ஆளுக்கு சாயா கிளாஸை நீட்டுறாப்புல முன்னால தள்ளி விடச் சொல்லுங்க. அதுலயே பாதி சரியாயிரும். சரியாகலைன்னா றெக்கைக்க பின்விளிம்பைப் பாருங்க, மடிக்கும்போது ரெண்டும் மேல்நோக்கி வளைஞ்சிருக்கும், விரலால தடவி மட்டமாக்குங்க. அதுலயும் கேக்கலைன்னா மூக்குல ஒரு ஜெம் கிளிப்.

இந்த ஜெம் கிளிப் விஷயத்துலதான் அறிவியலே உக்காந்திருக்கு, அதனால கொஞ்சம் நின்னு சொல்லிட்டுப் போறேன். பிளேனை ரெண்டு ஆள்காட்டி விரல் நுனியில, ரெண்டு றெக்கைக்கும் அடியில குடுத்துத் தூக்குங்க. முன்ன பின்ன நவுத்தி நவுத்தி எந்த இடத்துல சாயாம நிக்குதோ அங்க பென்சில்ல ஒரு புள்ளி. அதுதான் எடை மையம். நாம வழக்கமா மடிக்க முக்கோண ராக்கெட்டுல அந்தப் புள்ளி மொத்த நீளத்துல பாதிக்கு முன்னால இருக்கணும். ஏன் பாதி? மூக்கு தற்செயலா நிமிந்தா றெக்கையில கூடுதலா ஒரு தூக்கு வரும்லா, முக்கோண றெக்கையில அது வந்து எறங்குற இடம் ஏறக்குறைய அந்தப் பாதி மட்டம். எடை அதுக்கு முன்னால இருந்தா அந்தக் கூடுதல் தூக்கு பின்பக்கத்தைத் தூக்கி மூக்கைத் தானா அமுக்கிரும், பிளேன் தன்னைத்தானே நேராக்கிக்கிடும். எடை பின்னால போச்சுன்னா நேர் எதிரா நடக்கும், நிமிந்த மூக்கு இன்னும் நிமிரும், முடிஞ்சுது கதை. அம்புக்கு முனையில இரும்பும் வாலுல இறகும் வச்சவன் இதெல்லாம் படிச்சிட்டா வச்சான்?

நாங்க வீட்டு வராண்டாவுல செஞ்சு பாத்தோம், தரையில ரெண்டடி டைல்ஸ், அதுதான் எங்களுக்கு ஸ்கேல். கிளிப் இல்லாம அஞ்சு டைல், அதுவும் ஏறி விழுந்து. மூக்குல ஒண்ணு மாட்டுனோம், ஒம்போது டைல், கோடு போட்ட மாதிரி போச்சு. பேரனுக்கு ஆசை, ரெண்டு மாட்டுனான், நாலாவது டைல்லயே மூக்கு குத்திச்சு. அடுத்து பின்விளிம்பு ரெண்டையும் நகக்கண் அளவுக்கு மேல வளைச்சோம், ரெண்டு கிளிப்போடயே திரும்ப எட்டு டைல் போச்சு. பின்விளிம்பு மேல வளைஞ்சா அங்க காத்து மேல திரும்பிப் போவும், அதனால வால் கீழ அமுங்கும், மூக்கு நிமிரும். பெரிய விமானத்துல எலிவேட்டர்னு வால்ல ஒண்ணு இருக்குல்லா, அதுக்க வேலையும் இதுதான். இந்த நாலு எறிதலையும் ஒரு சார்ட்ல எழுதி, அந்த நாலு பிளேனையும் கீழ ஒட்டி வைங்க, தெர்மோகோல்ல கலர் அடிச்சு வச்சிருக்க விமானத்தை விட இது நிக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவர், கொளச்சல்): றெக்கைக்க மேல்பக்கம் வளைவா இருக்கதால மேல போற காத்துக்கு தூரம் அதிகம், கீழ போற காத்தோட ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னா வேகமா ஓடணும், வேகம் கூடுனா அழுத்தம் கொறையும், அதனால தூக்குதுன்னு படிச்சேன். அப்ப தட்டையா இருக்க பேப்பர் எப்படி பறக்குது சார்?

பதில்: தம்பி, கொள்ளாம், கேள்வியிலயே பதிலை வச்சிருக்கீங்க. அந்தப் பாடத்துல ஒரு பொய் ஒளிஞ்சிருக்கு. மேல போற காத்தும் கீழ போற காத்தும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னு எந்தச் சட்டமும் கிடையாது, ரெண்டும் என்ன புருஷன் பொஞ்சாதியா, ஒண்ணா வீட்டுக்குத் திரும்பதுக்கு? உண்மையில மேல போற காத்து கீழ போறதுக்கு முன்னாலயே பின்விளிம்பைத் தாண்டிப் போயிரும். மேல வேகம் கூடுது, அழுத்தம் கொறையுதுங்கறது சரிதான், பெர்னூலிங்கற விஞ்ஞானி 1738-லயே வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை எழுதி வச்சுட்டாரு. ஆனா "தூரம் அதிகம்"ங்கற காரணம்தான் தப்பு. அது சரின்னா தலைகீழா பறக்க விமானம் எல்லாம் கடல்லதான் கெடக்கணும்.

தட்டையான பேப்பர் லேசா மூக்கு நிமிந்து போவும்போது எதிர்ல வர்ற காத்தைக் கீழ திருப்பி விடுது, கீழ்பக்கம் மட்டுமில்ல, மேல்பக்கம் ஓடுற காத்தும் றெக்கையை ஒட்டிக்கிட்டு கீழ்நோக்கித் திரும்பும். காத்தை நீ கீழ தள்ளுனா காத்து உன்னை மேல தள்ளும், நியூட்டன் மூணாவது விதி. மேல அழுத்தம் கொறைச்சலா கீழ கூடுதலா இருக்கதும் இதே விஷயத்தை வேற பக்கத்துல நின்னு பாக்குறதுதான், ரெண்டுக்கும் சண்டை இல்ல. இதுல பெர்னூலி கட்சி நியூட்டன் கட்சின்னு பிரிஞ்சு அடிச்சுக்கிடறவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்பு வரும்.

ஒரு சின்ன சோதனை. ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பேப்பர் துண்டு கிழிச்சு, ஒரு நுனியை கீழ் உதட்டுக்குப் பக்கத்துல புடிச்சா மறு நுனி வளைஞ்சு தொங்கும். மேல ஊதுனா துண்டு எழும்பும். உடனே வாத்தியார்மாரு "பாத்தியா, வேகமான காத்து, கொறைஞ்ச அழுத்தம்"னு சொல்லுவோம், நானே முப்பது வருஷம் அப்படித்தான் சொன்னேன். இப்ப அதே துண்டை செங்குத்தா நேரா தொங்கவிட்டு, ஒரு பக்கமா மேல இருந்து கீழ ஊதுங்க. வேகமான காத்து ஒரு பக்கம்தான், ஆனா துண்டு அந்தப் பக்கம் போவாது. வளைவோ சாய்வோ இருக்கும்போதுதான் காத்து திரும்புது, திரும்பும்போதுதான் அழுத்தம் மாறுது. வீட்டுல செஞ்சு பாத்த அன்னைக்கு, இத்தனை வருஷம் பிள்ளைய கிட்ட அரைகுறையா சொல்லிட்டோமேன்னு எனக்கு கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துது.

கேள்வி (ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி): எங்க ஊர்ல எறியுற பிளேன் எல்லாம் பின்னாடிதான் போவுது. பிள்ளைய அழுதுவ. அப்புறம் இன்னொரு சந்தேகம், முப்பந்தல் காத்தாடியும் விமான றெக்கையும் ஒரே அறிவியல்னு மகன் சொல்லுகான், நெசமா?

பதில்: உங்க ஊர்ல இருந்துக்கிட்டு பேப்பர் பிளேன் விடணும்னு ஆசைப்பட்டா அது கடல்ல இருந்துக்கிட்டு கோலம் போட ஆசைப்பட்ட மாதிரிதான். மேற்குத் தொடர்ச்சி மலை தெக்க வந்து முடியுற எடத்துல உங்க ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு புனல் மாதிரி இருக்கு, தென்மேற்குப் பருவக்காத்து மலையைத் தாண்ட முடியாம அந்த இடுக்கு வழியா நெருக்கியடிச்சு வரும், நெருக்கும்போது வேகம் கூடும், தோட்டத்து ஹோஸ் வாயை விரலால அடைச்சா தண்ணி பீச்சும்லா. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்தக் கூத்துதான். அதனாலதான் நாட்டுலயே பெரிய காத்தாலைக் கூட்டங்கள்ல ஒண்ணு அங்க முப்பந்தல்ல வந்து நிக்குது. (மெட்ராஸ்காரங்களுக்கு ஒரு குறிப்பு: நீங்க காத்தாடின்னு சொல்லதை நாங்க பட்டம்னு சொல்லுவோம், எங்க காத்தாடி கரண்டு எடுக்கது.)

மகன் சொன்னது நூத்துக்கு நூறு. காத்து வந்து முட்டித் தள்ளதாலதான் காத்தாடி சுத்துதுன்னு நெறைய பேரு நெனைச்சிருக்கோம், பனை ஓலைக் காத்தாடி கையில வச்சு ஓடுன பழக்கம். இந்தப் பெரிய காத்தாடிக்க ஒவ்வொரு எலையும் ஒரு விமான றெக்கைதான், அதே உருவம், அதே தூக்குவிசை. விமானத்துல தூக்குவிசை மேல இழுக்கும், இங்க றெக்கையை நட்டக்குத்தல வச்சிருக்கதால அது பக்கவாட்டுல இழுத்துச் சுத்தி விடுது. பக்கத்துல போயி நின்னு பாத்தா ஒண்ணு தெரியும், அந்த எலை முழுசும் ஒரே மாதிரி இருக்காது, அடிப்பக்கம் தடிச்சு நல்லா முறுக்கிக்கிட்டு இருக்கும், நுனி ஒல்லியா தட்டையா இருக்கும். காரணம் வேகம். அடி மெதுவா சுத்துது, நுனி பறக்குது. ஒரு கணக்கு போடுவோம்: எலை 40 மீட்டர் நீளம், ஒரு சுத்துக்கு நாலு செகண்டுன்னு வச்சுக்கிடுங்க. நுனி ஒரு சுத்துல 251 மீட்டர் ஓடணும், நாலு செகண்டுல. மணிக்கு 226 கிலோமீட்டர்! கீழ நின்னு பாக்கும்போது தூங்கி வழியுற மாதிரி தெரியும், ஆனா பக்கத்துல ஓடுற அனந்தபுரி எக்ஸ்பிரஸ் எல்லாம் அதுக்கு முன்னால நிக்க முடியாது. அந்த வேகத்துல காத்து நுனிக்கு வந்து படுற திசையே மாறிரும், ஒவ்வொரு எடத்துலயும் சாய்வு ஸ்டால் ஆகாம சரியா இருக்கணும்னுதான் அந்த முறுக்கு. தக்கலை அம்மா பையனுக்க பிளேன்ல பாத்த அதே ஸ்டால்.

இனி பின்னாடி போற பிளேன். பிளேனுக்குத் தரை தெரியாது, காத்து மட்டும்தான் தெரியும். காத்து எதிர்ல செகண்டுக்கு எட்டு மீட்டர் வேகத்துல வருது, நீங்க எறியுற பிளேன் காத்துக்குள்ள அஞ்சு மீட்டர் வேகத்துல போவுதுன்னா, அது ஒழுங்காத்தான் பறக்குது, தரையில நிக்க உங்களுக்குத்தான் அது மூணு மீட்டர் வேகத்துல பின்னால போறதாத் தெரியும். இந்த எதிர்காத்தை ரைட் சகோதரர்கள் தேடிப் போனாங்க, தெரியுமா? சைக்கிள் கடை வச்சிருந்த சொந்த ஊரை விட்டுட்டு, காத்து விடாம அடிக்கும்னு கிட்டி ஹாக் கடற்கரை மணல்மேட்டைத் தேடிப் போயி, 1900-ல இருந்து மூணு வருஷம் என்ஜினே இல்லாம கிளைடர் விட்டுப் பழகுனாங்க. அதாவது பெரிய சைஸ் பேப்பர் பிளேன். நடுவுல 1901-ல கணக்கு ஒத்து வரலைன்னு அந்த சைக்கிள் கடையிலயே, காத்து ஊதி விடுற ஒரு கூண்டு செஞ்சு குட்டிக் குட்டி றெக்கைகளை அதுக்குள்ள வச்சுப் பாத்தாங்க. என்ஜின் வச்சு 1903 டிசம்பர் 17 அன்னைக்குப் பறந்த முதல் தடவை 12 செகண்ட், 120 அடி, ஒரு ஆளு ஓடிப் புடிக்க வேகம்தான், ஏன்னா எதிர்காத்து அவ்வளவு. உங்க ஊரு அவங்களுக்குக் கெடைச்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க. பிள்ளையளை ராத்திரி ஹாலுக்குள்ள ஃபேனை அணைச்சுட்டு விடச் சொல்லுங்க, அழுகை நிக்கும்.

கேள்வி (குழித்துறை): எந்தப் பேப்பர் நல்லது?

பதில்: ஜெராக்ஸ் கடை ஏ4. 80 ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் 80 கிராம், ஒரு சதுர மீட்டர்ல 16 ஏ4 வரும், அப்ப ஒரு தாள் 5 கிராம், கணக்கு போட சுகம். நியூஸ்பேப்பர் தொளதொளன்னு இருக்கும், றெக்கை விறைப்பா நிக்காது. தினசரி காலண்டர் தாள் வேண்டாம், ராசிபலன் மட்டும்தான் அதுல பறக்கும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நேரத்துல பேப்பர் ஈரத்தை இழுத்து நமுத்துப் போவும், பப்படம் வைக்க டப்பாவுல போட்டு மூடி வைங்க. மடிப்பை நகத்தால அழுத்தித் தேய்க்கணும், முன்விளிம்பு தடிச்சுப் பிளந்துக்கிட்டு நின்னா இழுவைதான் கூடும்.

கேள்வி (ஒரு வாசகி, நாகர்கோவில்): என் மகளுக்க நோட்டுல நாலு தாளைக் கிழிச்சு ராக்கெட் விட்டான்னு டீச்சர் கிளாஸ்க்கு வெளிய நிக்க வச்சிட்டாங்க. பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஒரு வார்த்தையும் சொல்லியிருக்காங்க. அதுலதான் அவ ஒடஞ்சு போயிட்டா.

பதில்: நோட்டைக் கிழிச்சது தப்பு, அதுக்கு வெளிய நின்னாச்சு, கணக்கு முடிஞ்சுது. நானும் எட்டாம் கிளாஸ்ல வெளிய நின்னவன்தான், நான் விட்டது நேரா வாத்தியார் மூக்குக் கண்ணாடியில போயி உக்காந்துது. ஆனா அந்த ரெண்டாவது வார்த்தை இருக்கே, அதைச் சும்மா விடக்கூடாது. போயி டீச்சர்கிட்ட தனியா, சண்டை போடாம, அந்த வார்த்தையை மட்டும் கேளுங்க. மகள்கிட்ட கல்பனா சாவ்லா பத்தி சொல்லுங்க, ஹரியானாவுல கர்னால்ங்கற ஊர்ல பொறந்து, சண்டிகர்ல ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படிச்சு 1982-ல முடிச்சவங்க, அதுக்கப்புறந்தான் அமெரிக்கா, நாசா எல்லாம். நம்ம மாவட்டத்துலயே பாருங்க, சரக்கல்விளையில பொறந்த கே. சிவன் சென்னை எம்ஐடியில ஏரோநாட்டிக்கல் படிச்சு இஸ்ரோ தலைவரானாரு, 2025 ஜனவரியில அந்த நாற்காலிக்கு வந்த வி. நாராயணனும் மேலக்காட்டுவிளைக்காரரு. பேப்பர் பிளேன் விட்டதாலதான் அவங்க எல்லாம் அப்படி ஆனாங்கன்னு நான் கதை கட்ட மாட்டேன். பழைய நோட்டுல எழுதி முடிச்ச தாளு வீட்டுல கெடக்கும்லா, அதை எடுத்துக் குடுங்க. எழுத்து இருந்தாலும் பறக்கும்.

கேள்வி (தோவாளை): அப்ப மகேந்திரகிரி ராக்கெட்டும் இந்த ராக்கெட்டும் ஒண்ணா?

பதில்: பேரு மட்டும்தான் ஒண்ணு. நெசமான ராக்கெட் எரிபொருளோட எரியதுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் கூடவே சுமந்துக்கிட்டுப் போவும், காத்தே இல்லாத எடத்துலயும் ஓடும், றெக்கையால தூக்கிப் பறக்கது இல்ல அது. மகேந்திரகிரியில இஸ்ரோக்காரங்க அந்த என்ஜின்களைத்தான் கட்டிப் போட்டு எரிச்சுப் பாக்காங்க. நம்மளோடதுல என்ஜின் உங்க கைதான், அதுவும் விரலை விட்டதோட சரி. அதுக்கப்புறம் ஒவ்வொரு அடியா உயரத்தை வித்துத் தூரம் வாங்கிக்கிட்டே எறங்கும். கிளைடர்னுதான் சொல்லணும்.

கேள்வி (மாத்தூர்): தொட்டிப்பாலத்து மேல நின்னு விட்டா எவ்வளவு தூரம் போவும்?

பதில்: இதைத்தான் எதிர்பாத்தேன். பாலம் 115 அடி உயரம், 35 மீட்டர். உங்க பிளேன் ஒரு மீட்டர் எறங்குறதுக்குள்ள எத்தனை மீட்டர் முன்னால போவுதுன்னு முதல்ல வீட்டுல அளந்துக்கிடுங்க. தோள் உயரத்துல, ஒண்ணரை மீட்டர்னு வைங்க, அங்க இருந்து பைய விட்டு அது ஏழரை மீட்டர் போனா ஒண்ணுக்கு அஞ்சு. அதே விகிதத்துல பாலத்துல இருந்து 175 மீட்டர் வரணும், காத்து இல்லைன்னா. ஆனா பறளியாத்துப் பள்ளத்துல காத்து இல்லாத நாளு எது? மேல தூக்குனா தூக்கும், கீழ அமுக்குனா அமுக்கும், கணக்கு போன எடம் தெரியாது. அதை விட முக்கியம், போற பேப்பர் எல்லாம் ஆத்துலதான் விழும். கணக்கைப் பேப்பர்ல போடுங்க, பேப்பரை ஆத்துல போடாதீங்க.

கேள்வி (மார்த்தாண்டம்): உலக ரெக்கார்டு எவ்வளவு சார்?

பதில்: நேரத்துல ஜப்பான்காரரு தகுவோ தோடா, 2010-ல 29.2 செகண்ட் காத்துல நிக்க வச்சாரு, ரொம்ப வருஷம் அதுதான் ரெக்கார்டா இருந்துது. ரைட் சகோதரர்களுக்க முதல் பறப்பு 12 செகண்ட்தான்ங்கறதை ஞாபகம் வச்சுக்கிட்டு இதைப் படிங்க. தூரத்துல 2012-ல 69.14 மீட்டர், இதுல ஒரு ருசி இருக்கு: மடிச்சவரு ஜான் காலின்ஸ், எறிஞ்சவரு ஜோ அயூப், கல்லூரியில அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுனவரு. காலின்ஸ் மடிப்புல கெட்டிக்காரரு, ஆனா தன் கைக்கு அந்த பலம் இல்லைன்னு தெரிஞ்சு எறியதுக்கு ஆளைத் தேடிப் புடிச்சாரு, இந்தப் புத்தி நம்மள்ல எத்தனை பேருக்கு வரும்! 2022 டிசம்பர்ல அமெரிக்காவுல விமானப் பொறியாளருங்க சேந்து அதை 88.31 மீட்டர் ஆக்கிட்டாங்க. இதெல்லாம் காத்து புகாத பெரிய கூடத்துக்குள்ள.

கேள்வி (குலசேகரம்): நேராப் போவாம எப்பவும் வலது பக்கமே வெட்டுது. முன்னால இருந்து பாத்தா ரெண்டு றெக்கையும் கீழ தொங்குது.

பதில்: நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க, தொங்கக் கூடாது. முன்னால இருந்து பாக்கும்போது ரெண்டு றெக்கையும் லேசா மேல தூக்கி, கைய விரிச்சு "எனக்குத் தெரியாதுப்பா"ன்னு சொல்லும்போது தோள் நிக்குமே, அப்படி இருக்கணும். கையில மட்டமா புடிச்சிருந்தாலும் விட்டதும் உடம்பு மடிப்பு விரிஞ்சு றெக்கை எறங்கிரும், அதனால கொஞ்சம் கூடுதலாவே தூக்கி வைங்க. தூக்கி இருந்தா ஒரு பக்கம் சாயும்போது பிளேன் அந்தப் பக்கமா வழுக்கும், வழுக்கும்போது தாழ்ந்த றெக்கைக்கு காத்து கூடுதல் சாய்வுல படும், அது தூக்கி நிமித்தி விட்டுரும். அப்புறம் வலது வெட்டுக்கு, ஒரு றெக்கைக்க பின்விளிம்பு மட்டும் வளைஞ்சிருக்கான்னு கண்ணுக்கு நேரா புடிச்சுப் பாருங்க, வலது பக்கம் மேல வளைஞ்சிருந்தா அந்தப் பக்கம் தாழும், மட்டமாக்குனா போதும். உங்க ஊர்ல ரோட்டோரம் மகோகனி மரம் நின்னா விதை விழுற நேரத்துல போயி நின்னு பாருங்க, ஒரே ஒரு றெக்கை, எடை எல்லாம் ஒரு ஓரத்துல, ஹெலிகாப்டர் மாதிரி சுத்திக்கிட்டே பைய எறங்கும். அதை நேராப் போவச் சொல்லி யாரும் கேக்கல, அது தாய்மரத்தை விட்டுத் தள்ளிப் போனாப் போதும்.

கேள்வி (மூணாம் கிளாஸ், ராஜாக்கமங்கலம், எழுத்து பென்சில்ல): தாத்தா, என் பிளேன் சூப்பரா போச்சு. ஆனா பக்கத்து வீட்டு தென்னையில மாட்டிக்கிச்சு. எப்படி எடுக்கது?

பதில்: எடுக்க முடியாது மக்கா. கல்லெறியக் கூடாது, ஏறவும் கூடாது. தேங்கா வெட்டுக மாமா எப்படியும் 45 நாளைக்கு ஒருக்கா வருவாருல்லா, வரும்போது எடுத்துத் தரச் சொல்லு, அதுக்குள்ள மழை பெஞ்சிருந்தா அது பிளேனா இருக்காது. அதுவரைக்கும் இன்னொண்ணு மடி. இந்தத் தடவை தென்னை இருக்க பக்கத்துக்கு எதிர்ப்பக்க றெக்கைக்க பின்விளிம்பை ஒரு துளி மேல வளைச்சு விடு. ஒரு துளிதான், ரொம்ப வளைச்சியானா சுத்திக்கிட்டு வந்து உன் மண்டையிலயே விழும்.